ரெண்டு பக்கமும் தப்பாம்! சிகாகோ 1968 பற்றி ஒரு டாக்டரின் நீளமான த்ரெட்

 

"தி ட்ரையல் ஆஃப் தி சிகாகோ 7" படத்தைப் பற்றி யார் பதிவு போட்டாலும் கீழே ஒரு கமெண்ட் கட்டாயம் வந்துடும். "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு ப்ரோ. கல்லெறிஞ்சா அடி விழத்தான் செய்யும்." 2024 ஆகஸ்ட்டில் அதே சிகாகோவில் அதே கட்சியின் மாநாடு நடந்து, வெளியே காஸாவுக்காகக் கூட்டம் கூடியபோதும் இதே வரிதான்.

அந்த வரி எனக்குப் பிடிக்காது. அரசியல் காரணம் அப்புறம். முதல் காரணம் தொழில் சார்ந்தது. காயத்தைப் பார்க்காமலே காயத்துக்குக் காரணம் சொல்ற வேலை அது.

அடிதடின்னு காஸுவாலிட்டிக்கு யார் வந்தாலும் நாங்க ஒரு பதிவு எழுதணும். ஏ.ஆர்.னு சொல்வோம். காயம் எங்கே, எத்தனை சென்டிமீட்டர், கிழிசலா வெட்டா, என்ன மாதிரி பொருளால் ஏற்பட்டிருக்கலாம், எத்தனை மணிக்கு வந்தார். "இவர் நல்லவரா, கெட்டவரா, எந்தக் கட்சி"ன்னு அதில் கட்டம் கிடையாது. வேணும்னே விட்டுட்டாங்க. சிகாகோவையும் அந்தப் படிவத்தை வெச்சுப் பார்ப்போம்.

முதலில் நோயாளியின் முன்வரலாறு. இதைத் தெரிஞ்சுக்காம மேலே போக முடியாது.

1968. வியட்நாம் போர். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 16,000-க்கும் மேல் அமெரிக்க வீரர்கள் செத்தாங்க. செத்த வியட்நாமியர்களின் கணக்கு அதைவிடப் பல மடங்கு. மார்ச் 31 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் "மறுபடியும் நிற்க மாட்டேன்" என்று அறிவித்தார். ஏப்ரல் 4, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூன் 5, கலிஃபோர்னியா பிரைமரியில் ஜெயிச்ச ராத்திரி ராபர்ட் கென்னடி சுடப்பட்டு மறுநாள் இறந்தார். நாலு மாசத்துக்குள்ள இவ்வளவும்.

அந்தக் காலத்து டெமாக்ரட் கட்சியில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை இப்போ இருக்கிற மாதிரி இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் பிரைமரி தேர்தலே கிடையாது. மாநாட்டுக்கு யார் பிரதிநிதியா போகணும்னு கட்சிப் பெரிய தலைகள் உட்கார்ந்து முடிவு பண்ணுவாங்க. துணை ஜனாதிபதி ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடவில்லை. பிரைமரி நடந்த இடங்களில் மக்கள் வாக்கைப் பெருமளவு வாங்கியது போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தியும் ராபர்ட் கென்னடியும். ஆனா ஆகஸ்ட் 28 ராத்திரி மாநாட்டில் எண்ணி முடிச்சப்போ ஹம்ப்ரிக்கு 1,759¼, மெக்கார்த்திக்கு 601.

கால் ஓட்டு எல்லாம் இருக்கு பாருங்க. ஒரு பிரதிநிதி இடத்தையே பங்கு போட்டுக் கொடுப்பாங்க.

அதே நாள் பகலில், போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானத்தையும் சுமார் 1,567-க்கு 1,041 என்று தோற்கடிச்சாங்க. ஆக, ஓட்டுப் போட்டுப் பார்த்தாச்சு, வேலைக்காகலை. உள்ளே தீர்மானம் கொண்டுவந்தாச்சு, அதுவும் வேலைக்காகலை. மிச்சம் இருந்தது தெரு மட்டும்தான். மாநாட்டு வாசலில் நின்னு கத்தினவங்களைப் பார்த்து "வேற வழியில் போராடியிருக்கலாமே"ன்னு கேட்கிறவங்க, அந்த வேற வழி எதுன்னு சொல்லிட்டுப் போகணும்.

அந்தத் தெருவை எப்படித் தயார் பண்ணினாங்கன்னு பாருங்க.

மேயர் ரிச்சர்ட் ஜே. டேலி. ஊரையே கையில் வெச்சிருந்தவர். கிங் கொல்லப்பட்டபின் ஏப்ரலில் கலவரம் வந்தப்போ, தீ வைக்கிறவனைக் கொல்லச் சுடு, கொள்ளையடிக்கிறவனை முடமாக்கச் சுடு என்று போலீஸுக்கு உத்தரவு கொடுத்ததா பத்திரிகையாளர்கள் முன்னாடியே சொன்னார். ஆகஸ்ட்டுக்கு நாலு மாசம் முன்னாடி மேலிடத்திலிருந்து கீழே போன செய்தி அது. கான்ஸ்டபிளுக்குப் புரியாம இருக்குமா?

ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டாங்க, இல்லைன்னாங்க. வெளியூரிலிருந்து வர்றவங்க பூங்காவில் தூங்க அனுமதி கேட்டாங்க, அதுவும் இல்லை. ராத்திரி 11 மணிக்கு மேல் லிங்கன் பூங்காவில் இருக்கக் கூடாதுன்னு விதி. கடைசியில் கிடைச்சது ஒரே ஒரு அனுமதி, 28-ஆம் தேதி பிற்பகல் கிராண்ட் பூங்காவில் ஒரு பொதுக்கூட்டம். அவ்வளவுதான்.

வந்த போராட்டக்காரர்கள் சுமார் 10,000. எதிரே சிகாகோ போலீஸ் சுமார் 12,000 பேர், 12 மணி நேர ஷிஃப்டில். கூடவே 5,000-க்கும் மேல் நேஷனல் கார்டு. அதுக்கும் மேலே ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்கள் தயார் நிலையில். மாநாட்டு அரங்கைச் சுத்தி முள்வேலி. டெக்ஸஸின் ஃபோர்ட் ஹூட் முகாமில் கறுப்பின வீரர்கள் பலர், "சிகாகோ மக்கள் மேல போய் நிக்கச் சொல்றீங்களா"ன்னு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவிச்சாங்க. 43 பேரைக் கைது பண்ணினாங்க. அவங்களில் வியட்நாம் போய் வந்தவங்களும் உண்டு. "ரெண்டு பக்கமும்"னு எழுதறவங்க இவங்களை எந்தப் பக்கத்தில் போடுவாங்கன்னு தெரியலை.

25, 26, 27, மூணு ராத்திரியும் லிங்கன் பூங்காவில் ஒரே காட்சி. 11 மணி ஆனதும் கண்ணீர்ப்புகை, லத்தி. பூங்காவில் அமைதியா உட்கார்ந்திருந்தவங்களை விரட்டி, பக்கத்து ஓல்ட் டவுன் குடியிருப்புத் தெருக்களில் ஓட விட்டாங்க. 27 ராத்திரி பாதிரிமார்கள் ஒரு பெரிய சிலுவையோட பூங்காவில் வந்து உட்கார்ந்து பிரார்த்தனை பண்ணினாங்க. அவங்க மேலயும் புகைதான். தொற்று ஒரு இடத்தில் அடங்கி இருக்கிறப்போ அதைப் பிதுக்கி உடம்பு முழுக்கப் பரப்பிவிட்டு, அப்புறம் "பாருங்க எவ்வளவு பரவிடுச்சு"ன்னு சொல்றதுக்குப் பேர் சிகிச்சை இல்லை.

இந்தக் கண்ணீர்ப்புகை பற்றிக் கொஞ்சம் நின்னு பேசணும். "சும்மா கண்ணு எரியும், அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்"ங்கிற பேச்சு ஊர் முழுக்க இருக்கு.

பேர்தான் புகை, வாயு எல்லாம். சி.எஸ். என்கிற பொருள் அறை வெப்பநிலையில் திடப்பொருள், நுண்ணிய தூள். 1928-லேயே அமெரிக்காவில் கார்சன், ஸ்டவுட்டன் என்ற ரெண்டு பேர் தயாரிச்சது. அவங்க பேரின் முதலெழுத்துதான் சி.எஸ். தூள்ங்கிறதால அது துணியில ஒட்டும், தலைமுடியில ஒட்டும், தரையில கிடக்கும், மறுபடி கிளம்பும். நம்ம நரம்பு முனைகளில் டி.ஆர்.பி.ஏ.1 என்று ஒரு வலி உணரி இருக்கு. கடுகும் வெங்காயமும் சீண்டுற அதே கதவு. சி.எஸ். அந்தக் கதவை உடைச்சுத் திறக்குது. கண் தானா மூடிக்கும், மூக்கு ஒழுகும், மூச்சுக்குழாய் சுருங்கும். நல்ல ஆரோக்கியமா இருக்கிற 20 வயசுப் பையன், திறந்த வெளியில, காத்து எதிர்ப்பக்கம் ஓடித் தப்பிக்க முடிஞ்சா பெரும்பாலும் சரியாயிடுவான். வாஸ்தவம்.

ஆனா ஆஸ்துமா இருக்கிறவர்? மூடின இடத்தில் மாட்டினவர்? கைக்குழந்தை? கூட்டத்தில் கண் தெரியாம விழுந்து மிதிபடுறவர்? குண்டின் உலோக உறையே தலையில் படுறவர்? "அஞ்சு நிமிஷம்"ங்கிற கணக்கு இவங்க யாரையும் சேர்த்துப் போட்டது இல்லை.

இன்னொரு சங்கதி. 1993-ல் கையெழுத்தான ரசாயன ஆயுத ஒப்பந்தப்படி, கலவரத் தடுப்பு ரசாயனங்களைப் போர்முறையாகப் பயன்படுத்தக் கூடாது. எதிரி நாட்டு சிப்பாய் மேல போட்டா ஒப்பந்த மீறல். சொந்த ஊர்க் குடிமகன் மேல போட்டா சட்டம் ஒழுங்கு. இந்தக் கோணலை நான் கண்டுபிடிக்கலை, ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கு.

(யாருக்காவது உதவும்னா: கண்ணைத் தேய்க்காதீங்க. காத்து வர்ற திசையைப் பார்த்து மேடான இடத்துக்குப் போங்க. நிறைய சுத்தமான தண்ணி விட்டுக் கழுவுங்க. கான்டாக்ட் லென்ஸைக் கழட்டிப் போட்டுடுங்க. உடுத்தின துணியை மாத்துங்க. முகத்தில் வாஸ்லைன், எண்ணெய் தடவாதீங்க, அது தூளைத் தோலோட ஒட்ட வெச்சிடும். மூச்சுத் திணறல் குறையலைன்னா வீட்டில் உட்கார்ந்திருக்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க.)

கதைக்கு வருவோம். புகைக்குக் கட்சி தெரியாது. 28-ஆம் தேதி கிராண்ட் பூங்காவில் போட்ட புகை, மாநாட்டுத் தலைவர்கள் தங்கியிருந்த கான்ராட் ஹில்டன் ஹோட்டலுக்குள்ளயும் போச்சு. ஹம்ப்ரியையே தொந்தரவு பண்ணிச்சுன்னு செய்தி.

அந்த 28-ஆம் தேதி. அனுமதி பெற்ற பொதுக்கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் கொடிக்கம்பத்திலிருந்து அமெரிக்கக் கொடியை இறக்கப் போனார். போலீஸ் உள்ளே புகுந்தது. பதிலுக்குப் பொருட்கள் பறந்தன. ஏற்பாட்டாளர்களில் ஒருவரான ரென்னி டேவிஸ், போலீஸுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் ஆட்களை நிறுத்திக் கூட்டத்தை அடக்கப் பார்த்துக்கிட்டிருந்தவர், மண்டையில் அடி வாங்கி நினைவிழந்து விழுந்தார்.

மண்டை அடியைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. தலைத்தோலில் ரத்தக்குழாய் அதிகம், ரத்தம் கொட்டும், தையல் போட்டா நிக்கும். பார்க்கிறவங்களுக்கு அதுதான் பயங்கரம். எங்களுக்குப் பயம் வேறொருத்தரைப் பார்த்து. அடி வாங்கி, கொஞ்சம் மயங்கி, எழுந்து, "எனக்கு ஒண்ணுமில்லை சார்"னு நல்லா பேசி, நடந்து போறவர். காதுக்கு மேலே இருக்கிற மெல்லிய எலும்பு விரிசல் விட்டு, உள்ளே ஓடுற தமனி கிழிஞ்சிருந்தா, சில மணி நேரம் கழிச்சு ரத்தம் தேங்கி மூளையை அழுத்தும். அப்போ பக்கத்தில் ஆள் இருக்கணும். லாக்கப்பில் தனியா தூங்கிட்டிருந்தா, குடிச்சிட்டுத் தூங்கறான்னு விட்டுடுவாங்க.

லத்தி பற்றி இன்னொன்னு. முன்கையில் அல்னா என்கிற எலும்பு மட்டும் நடுவில் உடையும் ஒரு வகை முறிவு உண்டு. மண்டையில் விழப்போற அடியைக் கையைத் தூக்கித் தடுக்கிறப்போ வர்றது. எலும்பு முறிவு பாடப்புத்தகத்தில் அதுக்குப் பேரே "நைட்ஸ்டிக் ஃப்ராக்சர்". நைட்ஸ்டிக்னா அமெரிக்க போலீஸ்காரர் கையில் இருக்கிற தடி. கத்தி, கடப்பாரை எத்தனையோ ஆயுதம் இருக்க, தற்காப்புக் காயத்துக்குப் போலீஸ் தடியின் பேர் நிலைச்சு நிக்குது. எங்க புத்தகம் எழுதினவங்க யாரும் புரட்சிக்காரங்க இல்லை.

டேவிஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கேயும் போலீஸ் அவரைத் தேடி வந்ததாகவும், ஊழியர்கள் தன்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து மேலே துணியைப் போர்த்தி அறை அறையாக மாற்றி ஒளித்து வைத்ததாகவும் பின்னாளில் அவரே சொன்னார். அந்த வார்டுபாய்களும் நர்ஸுகளும் யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா தலையில் தையல் போட்ட சூட்டோட ஒரு நோயாளியை இழுத்துட்டுப் போக விடாம நின்னவங்க. ஏன் செஞ்சாங்கன்னு ஒரு ராத்திரி டூட்டி பார்த்தவங்களுக்குத் தெரியும்.

அன்று மாலை 8 மணி வாக்கில் மிச்சிகன் அவென்யூவும் பால்போ தெருவும் சேரும் இடம். ஹில்டன் வாசல். டி.வி. விளக்கு வெளிச்சத்தில் சுமார் 17 நிமிஷம். லத்தி, மேஸ் என்கிற ரசாயனத் தெளிப்பு, இழுத்து வேனில் ஏத்துறது. "உலகமே பார்க்குது"ன்னு கூட்டம் கத்தினது அப்போதான். ஹோட்டலின் ஹேமார்க்கெட் லவுஞ்ச் கண்ணாடி ஜன்னல் மேல மக்கள் நெருக்கப்பட்டு, கண்ணாடி உடைஞ்சு, ஆட்கள் உள்ளே விழுந்தாங்க. போலீஸ் பின்னாடியே உள்ளே போய், கண்ணாடி கிழிச்சுக் கிடந்தவங்களையும், அங்கே சும்மா உட்கார்ந்து குடிச்சுக்கிட்டிருந்தவங்களையும் சேர்த்து அடிச்சது.

அரங்கத்துக்குள்ள செனட்டர் ஏப்ரஹாம் ரிபிகாஃப் மேடையில் நின்னு, சிகாகோ தெருக்களில் நடப்பது கெஸ்டபோ தந்திரம் என்றார். கீழே முன்வரிசையில் டேலி எழுந்து அவரைப் பார்த்துக் கத்தினார். இதுவும் டி.வி.யில் ஓடுச்சு.

இப்போ கணக்கு. மாநாட்டு வாரத்தை விசாரிச்சது டேனியல் வாக்கர் தலைமையிலான குழு. 3,437 பேரின் வாக்குமூலங்களைப் பரிசீலிச்சு 1968 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டாங்க. கைது 668. காயம்பட்ட போலீஸ்காரர்கள் 192. ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை பெற்ற பொதுமக்கள் 101. தற்காலிக மருத்துவ முகாம்களில் சிகிச்சை பெற்றவர்கள் சுமார் 425. தெருவிலேயே சிகிச்சை சுமார் 200. புகைக்கும் மேஸுக்கும் முதலுதவி 400-க்கும் மேல்.

"பார்த்தீங்களா, போலீஸ் 192, பொதுமக்கள் 101!" இதைத்தான் அப்பவும் சொன்னாங்க, இப்பவும் சொல்றாங்க. போலீஸ்காரர் காயத்தை ரிப்போர்ட் பண்ணினா லீவும் சிகிச்சையும் கிடைக்கும். போராட்டக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனா கைது கிடைக்கும். எந்தக் கணக்கு முழுசா வரும், எது பாதியா வரும்? படுக்கையில் கிடந்தவனை மட்டும் எண்ணிட்டு, பயந்து வீட்டிலேயே கிடந்தவனை விட்டுட்டா, எந்தத் தொற்றுநோயும் சின்னதாத்தான் தெரியும். முதல் வருஷப் பி.ஜி. மாணவருக்கே தெரிஞ்ச சங்கதி இது.

வாக்கர் அறிக்கை போராட்டக்காரர்களைத் தடவிக் கொடுக்கலை. கெட்ட வார்த்தை, கல், கட்டை, கழிவறை ஓட்டுத் துண்டு, மனித மலம்கூட எறிஞ்சாங்கன்னு எழுதியிருக்கு. எழுதிட்டு அடுத்ததா என்ன சொல்லுதுன்னா, போலீஸின் பதில் பல சமயங்களில் கட்டுக்கடங்காத, ஆள் பார்க்காத வன்முறை. சட்டத்தை மீறாத, உத்தரவை மறுக்காத, மிரட்டாத ஆட்கள் மேலயும் அது விழுந்தது. வேடிக்கை பார்த்தவங்க, அந்தப் பக்கமா நடந்து போன குடியிருப்புவாசிகள் மேலயும் விழுந்தது. தெருவில் செய்தி சேகரிக்கப் போன சுமார் 300 பத்திரிகையாளர்களில் 60-க்கும் மேற்பட்டவர்கள் அடிபட்டாங்க, கைதானாங்க, இல்லை கேமராவை இழந்தாங்க. அறிக்கை இதுக்குக் கொடுத்த பேர் "போலீஸ் கலவரம்".

தேனீ கொட்டினா வலிக்கும், வீங்கும். ஆனா சிலர் சாகிறது விஷத்தின் அளவால் இல்லை, உடம்பு அதுக்குக் காட்டுற மிதமிஞ்சிய எதிர்வினையால். அனஃபிலாக்ஸிஸ்னு சொல்வோம். அப்படி ஒருத்தர் வந்து கிடக்கும்போது "தேனீ மேலயும் தப்பு, உடம்பு மேலயும் தப்பு"ன்னு எழுதிட்டு நான் டீ குடிக்கப் போகலாமா? கொட்டினது உண்மை. ஆளைச் சாய்ச்சது எது?

தண்ணியில் எல்.எஸ்.டி. கலக்கப் போறோம்னு யிப்பீஸ் கூட்டம் கிளப்பிவிட்ட கிண்டலைச் சொல்லாம விட முடியாது. நகராட்சி அதை நிஜமாவே எடுத்துக்கிட்டு சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் காவல் போட்டுச்சு. ஒரு மருந்தாளுநரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஒருத்தர் 2 லிட்டர் தண்ணி குடிச்சு 100 மைக்ரோகிராம் உள்ளே போகணும்னா, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர் தண்ணின்னு குறைச்சு வெச்சாலும் 50 கிலோ வேணும். அது 50 கோடிப் பேருக்கான டோஸ். போதாக்குறைக்கு, குழாய்த் தண்ணியில் இருக்கிற குளோரின் எல்.எஸ்.டி.யைச் சிதைச்சிடும். பன்றிக்கு "பிகாஸஸ்"னு பேர் வெச்சு ஜனாதிபதி வேட்பாளரா அறிவிச்ச கோஷ்டி அது. கிண்டலை நம்பினவங்க கையில்தான் 12,000 லத்தி இருந்தது.

இனி என் ஆட்களைப் பற்றி. 1964-ல், மிஸிஸிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போன தொண்டர்களுக்கு வைத்தியம் பார்க்க உருவானது மனித உரிமைக்கான மருத்துவக் குழு. அதே குழுவின் டாக்டர்களும் நர்ஸுகளும் மருத்துவ மாணவர்களும்தான் சிகாகோ தெருவில் முகாம் போட்டாங்க. மேலே சொன்ன 425-ம் 200-ம் 400-ம் இவங்க கை பட்டவங்க. ஹில்டனின் 15-ஆம் மாடியில், மெக்கார்த்தியின் தேர்தல் தொண்டர்கள் ஹோட்டல் படுக்கை விரிப்பைக் கிழிச்சுக் கட்டுப் போட்டாங்க. மாநாடு முடிஞ்ச பிறகு, 30-ஆம் தேதி விடியறதுக்கு முன்னாடி, அதே 15-ஆம் மாடிக்குப் போலீஸ் ஏறி வந்து அந்தப் பிள்ளைகளையும் அடிச்சு இறக்கிச்சு.

அந்த மருத்துவக் குழுவின் முன்னணியில் இருந்தவர் டாக்டர் குவென்டின் யங். சிகாகோவில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு வைத்தியம் பார்த்தவர். அந்த அக்டோபரிலேயே அவரை நாடாளுமன்றத்தின் அமெரிக்க விரோத நடவடிக்கைக் குழு கூப்பிட்டு விசாரிச்சது. எத்தனை தையல் போட்டீங்கன்னு கேட்கலை. கம்யூனிஸ்ட் தொடர்பு உண்டான்னு கேட்டாங்க.

அதனாலதான் "டாக்டர் நீங்க ஏன் அரசியல் பேசறீங்க, வைத்தியத்தை மட்டும் பாருங்க"ன்னு கேட்கிற நண்பர்களுக்குச் சொல்றேன். அவர் வைத்தியத்தை மட்டும்தான் பார்த்தார். அதுக்குத்தான் விசாரணை. அடிபட்டவனுக்குக் கட்டுப் போடுறதே ஒரு பக்கம் சேர்றதா ஆகிப் போச்சுன்னா, அப்படி ஆக்கினது கட்டுப் போட்டவர் இல்லை.

அடுத்த வாதம், கொஞ்சம் படிச்சவங்க வைக்கிறது. "இந்தக் கலாட்டாவாலதான் நிக்ஸன் ஜெயிச்சார். போராட்டம் போரை நீட்டிச்சது." ஜெயிச்சது உண்மை, வித்தியாசம் 1 சதவீதத்துக்கும் கீழே. அடிபட்டவங்களை விட்டுட்டுப் போலீஸ் பக்கம் மக்கள் நின்னதும் உண்மை. மாநாட்டுக்குப் பிறகு கேலப் கணிப்பில் போலீஸ் செய்தது சரின்னவங்க 56 சதவீதம், தப்புன்னவங்க 31. ஆனா செப்டம்பர் கடைசியில் ஹம்ப்ரி சுமார் 15 புள்ளி பின்தங்கி இருந்தார். செப்டம்பர் 30 அன்று சால்ட் லேக் சிட்டியில் பேசும்போது குண்டுவீச்சை நிறுத்தத் தயார்னு முதல்முறையா ஜான்சனிடமிருந்து விலகினார். அதிலிருந்து ஏற ஆரம்பிச்சு நவம்பரில் கிட்டத்தட்ட சமத்துக்கு வந்துட்டார். தெருவில் கத்தினவங்க கேட்ட மருந்தில் ஒரு ஸ்பூன் கொடுத்ததும் காய்ச்சல் இறங்குதுன்னா, நோய் எதுன்னு யாராவது எனக்கு விளக்கணுமா? அதை ஆகஸ்ட்டிலேயே கொடுத்திருந்தா? அந்தக் கேள்வியை விட்டுட்டு, கத்தினவங்க தொண்டையைக் குறை சொல்றீங்க. 1968-க்குப் பிறகும் 20,000 அமெரிக்க வீரர்கள் அந்தப் போரில் செத்தாங்க.

வழக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1969 மார்ச்சில் எட்டுப் போராட்டத் தலைவர்கள் மேலயும், அதே நேரத்தில் எட்டுப் போலீஸ்காரர்கள் மேலயும் குற்றச்சாட்டு. எட்டுக்கு எட்டு. "ரெண்டு பக்கமும்"கிற வாதம் சட்டப்புத்தகத்தில் ஏறினா இப்படித்தான் இருக்கும். கறுப்பினத் தலைவர் பாபி ஸீல், எனக்கு என் வக்கீல் வேணும்னு கேட்டதுக்கு, நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன் அவரை நீதிமன்றத்திலேயே நாற்காலியில் கட்டி வாயைப் பொத்தச் சொன்னார். வாயை அடைச்சுக் கட்டின மனுஷனுக்கு வாந்தி வந்தா என்ன ஆகும்னு அந்த அறையில் யாரும் யோசிச்ச மாதிரி தெரியலை. மீதி ஏழு பேரில் ஐந்து பேருக்குத் தண்டனை. 1972-ல் மேல்முறையீட்டில் எல்லாம் ரத்து. எட்டுப் போலீஸ்காரர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படலை.

"அதெல்லாம் அந்தக் காலம் டாக்டர்"னு சொல்றவங்களுக்கு: 2004, நியூயார்க், இந்தத் தடவை ரிபப்ளிகன் கட்சி மாநாடு. சுமார் 1,800 பேர் கைது. பலரைப் பியர் 57 என்ற பழைய பஸ் டிப்போவில் அடைச்சாங்க. எண்ணெயும் ரசாயனமும் ஊறின தரையில் உட்கார வெச்சதில் தோல் அரிப்பு, தடிப்புன்னு பலர் புகார் பண்ணினாங்க. பத்து வருஷம் வழக்கு நடந்து, 2014-ல் நகராட்சி கிட்டத்தட்ட 1 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் பண்ணிச்சு. கொடுத்தது வரிப்பணம்.

2024 சிகாகோவில் 1968 அளவுக்கு எதுவும் நடக்கலை, அதைச் சொல்லணும். இஸ்ரேல் துணைத் தூதரகத்துக்கு வெளியே ஒரு ராத்திரி 50-க்கும் மேல் கைது, மத்த ஊர்வலங்கள் பெரும்பாலும் அமைதி. நம்ம ஊர்க்காரங்க துளசேந்திரபுரத்தில் கமலா ஹாரிஸுக்கு பேனர் வெச்சுப் பூஜை பண்ணிட்டிருந்த அதே சமயத்தில், அவரோட மாநாட்டில் ஒரு பாலஸ்தீன அமெரிக்கருக்குப் பேச சில நிமிஷம் கொடுங்கன்னு சில பிரதிநிதிகள் அரங்க வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாங்க. கொடுக்கலை. லத்தி இல்லை, புகை இல்லை. கதவு மட்டும் அதே கதவு.

போலீஸ்காரர்களும் மனுஷங்கதானேன்னு ஒருத்தர் கட்டாயம் கேட்பார். ஆமா. 12 மணி நேர ஷிஃப்ட், தூக்கமில்லை, வெயில், வசவு. 36 மணி நேர டூட்டி பார்த்தவனுக்கு அந்த எரிச்சல் நல்லாவே தெரியும். அந்த நிலைமையில் ஒருத்தன் கையில் லத்தியைக் கொடுத்து, நாலு மாசம் முன்னாடியே "சுடு"ன்னு காதில் ஓதி அனுப்பினது யார்? அந்த 192 காயத்துக்கும் கணக்குக் கேட்க வேண்டிய இடம் மேயர் ஆபீஸ்தான். டேலி பத்திரிகையாளர் சந்திப்பில், போலீஸ் இருப்பது ஒழுங்கின்மையை உண்டாக்க இல்லை, ஒழுங்கின்மையைக் காப்பாற்றத்தான் என்று வாய் குளறிச் சொன்னார். திருத்திப் போடுங்கன்னு அவர் ஆட்கள் கேட்டிருப்பாங்க. சொன்னது சொன்னபடியே சரித்திரத்தில் நின்னுடுச்சு.

1968-க்குப் பிறகு கட்சி, பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை மாத்த ஒரு குழு போட்டது. பெரிய தலைகள் ரூமுக்குள்ள முடிவு பண்றது போய், இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இடம் கொடுக்கணும்னு வந்துச்சு, பிரைமரிகள் பெருகிச்சு. 1972-ல் மயாமி பீச் மாநாட்டுக்கு டேலியும் அவர் ஆட்களுமா 59 பேர் பிரதிநிதிகளா தேர்வாகியிருந்தாங்க. புது விதிப்படி அவங்க தேர்வு செல்லாதுன்னு மாநாடு அத்தனை பேரையும் வெளியே நிறுத்திட்டு, ஜெஸ்ஸி ஜாக்சன் இருந்த மாற்று அணியை உள்ளே உட்கார வெச்சது.